சித்தப்பா நடத்திய வேதசாஸ்திர வகுப்பு

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசித்த அறிவிப்பை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இளைஞர்களுக்கு இறையியல் அறிமுக வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். நம் சபையில் இதுதான் முதல் தடவையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் கையை அழுத்தினாள். நம் வயதுச் செட்டில் மிஞ்சியிருக்கும் நாலைந்து பேருக்குத் தெரியும், இது முதல் தடவை இல்லை. இதற்கு முன்பு ஒரு வகுப்பு நடந்தது. ஒரு மே மாதத்தில் தொடங்கி, அந்த மே மாதத்திலேயே பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாமும் பேசாமலே இருந்து கிழவிகளும் கிழவர்களும் ஆகிவிட்டோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் விட்டதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். அம்மா அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் தகப்பன் போய்விட்டதால் அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தார். "இவனை ஆண்டவருக்குன்னு வச்சிருக்கேன்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது அவருடைய குரலே கொஞ்சம் மாறும். பி.ஏ. முடித்ததும் சபைக் கமிட்டியின் சிபாரிசோடு சித்தப்பாவைப் போதகர் ஊழியத்துக்குப் படிக்க வேதசாஸ்திரக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார்கள். முதல் வருஷம் முடிந்து அந்தக் கோடையில்தான் லீவுக்கு வந்திருந்தார்.

பச்சை டிரங்குப் பெட்டியோடு வந்தார். அதைத் திறந்தால் பாச்சை உருண்டையும் பழைய கோந்தும் கலந்த ஒரு வாசனை வரும். அடியில் இரண்டு வேட்டி, மேலே முழுக்கப் புத்தகம். அவரிடம் முதலில் நான் கவனித்த மாற்றம் சாப்பாட்டு ஜெபம். முன்பெல்லாம் சோறு ஆறிப்போகும்வரை ஜெபிப்பார். இப்போது, "இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி, ஆக்கினவங்களுக்கு நன்றி" என்பதோடு நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறக்காமல் இருப்பார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "காலேஜுல ஜெபம் பண்றதையே மறக்கடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. வாய்க்கு வர்றதையெல்லாம் அவர்கிட்ட சொல்றதுக்கு இப்ப கொஞ்சம் பயமா இருக்குது" என்றார் சித்தப்பா.

அப்பா அதை மேடைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு ரசத்தை ஊற்றச் சொன்னார்.

வகுப்பு நடத்தும்படி கேட்டவர் நம் போதகர்தான். அடுத்த வருஷம் வேதசாஸ்திரக் கல்லூரிக்கு எழுதிப்போட இருந்த வாலிபர்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்த ஒரு அக்கா. வீட்டு வேலை முடித்துவிட்டு வந்து பின்னால் உட்காரும் அம்மா. அம்மா இருக்கும் இடத்தில் நான். அப்போது பிள்ளைகளாக இருந்த உங்களில் இரண்டு மூன்று பேரும் வந்தீர்கள், வெயிலுக்குப் பயந்து. பள்ளிக்கூடக் கூடத்தில் சாயங்காலம் நடக்கும். ஓட்டுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் சதுரமாகத் தரையில் விழுந்து, வகுப்பு முடிவதற்குள் சுவரில் ஏறிவிடும். அக்கினி நட்சத்திர வெப்பத்தில் பாய்கூடச் சுடும். நர்ஸ் அக்காவின் சேலையில் டெட்டால் வாசனை அடிக்கும். அந்தக் கூடம் இப்போது இல்லை. அங்கேதான் கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்களை நிறுத்துகிறார்கள்.

முதல் நாள் சித்தப்பா கரும்பலகையில் 'வேதசாஸ்திரம்' என்று எழுதிவிட்டு, அப்படி என்றால் என்ன என்று கேட்டார்.

"கடவுளைப் பத்தின அறிவு" என்றார் வாலிபர்களில் ஒருவர்.

"அறிவுன்னுட்டா பரீட்சை எழுதி மார்க் வாங்கிடலாம். நானும் வாங்கிட்டேன்" என்றார் சித்தப்பா. "நாம ஒண்ணை நம்புறோம். ஏன் நம்புறோம், நம்புறதுன்னா என்னன்னு நமக்கு நாமே கேட்டுக்கினு, அதை இன்னொருத்தருக்கு நேர்மையா எடுத்துச் சொல்லப் பழகுறோம். ஆரம்பிக்கிறவங்களுக்கு இப்போதைக்கு இது போதும்."

பிறகு பலகையில் இரண்டு கோடு கிழித்து மூன்று கட்டமாக்கினார். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு எழுதினார். நமக்குச் சொல்லப்பட்டது. நாம் நம்புவது. நமக்குத் தெரியாதது.

"படிக்க வர்றவங்க முதல் ரெண்டு கட்டத்தை மளமளன்னு நிரப்பிடுவாங்க. மூணாவது காலியாவே கெடக்கும். நானும் அப்படித்தான் போனேன். அதைக் காலியா வச்சிக்கினு படிச்சா, படிச்சது எதுவும் உள்ள எறங்காது."

"என்ட்ரன்ஸ் பரீட்சையில இது வருமாண்ணா?"

"வராதுபா."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல, எது எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று சண்டையே நடக்கும். கிருபை என்றால் என்ன, சும்மா கிடைப்பதா, கேட்டால் கிடைப்பதா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். கேட்கிற ஜெபத்துக்குப் பதில் கிடைக்கும் என்பதை எங்கே எழுதுவது என்று வந்தபோது வாலிபர்கள் மூவரும் முதல் கட்டத்தைக் காட்டினார்கள். நர்ஸ் அக்கா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குச் சொல்லத் தெரியலண்ணா. நான் குழந்தைங்க வார்டுல இருக்கேன். ஒரு நாள் அது ரெண்டாவது கட்டத்துல இருக்குது, ஒரு நாள் மூணாவதுல இருக்குது" என்றாள். சித்தப்பா அதை அவளுடைய வார்த்தைகளிலேயே எழுதினார். அவள் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா பிறந்த வீடு பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெய்கிறவர்கள் தெருவில். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் நான் பிறந்ததிலிருந்து அம்மா அந்தப் பக்கம் போனதில்லை. டீச்சர் பயிற்சிக்குப் படிக்கும்போது அம்மா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா, என் தாத்தா, அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லையாம். "போற எடத்துல நல்லா இரு. இங்க வராத" என்று மட்டும் சொன்னாராம்.

மாமா சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "உள்ள வா" என்று அம்மா கூப்பிட்டும் வரவில்லை.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. டாக்டரு கையை விரிச்சிட்டாரு. உன்ன இட்டுக்கினு வரச் சொல்றாரு."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "போயிட்டு வா. அங்க நெத்தியில எதையும் வைக்க மட்டும் விடாத" என்றார்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நீளமான, குறுகலான வீடு. ஒரு பக்கம் இரண்டு தறி. ஒன்றில் மாமா பாதி நெய்த அரக்குச் சேலை நின்றது. மற்றது தாத்தாவினுடையது, அதன்மேல் வேட்டியைப் போர்த்தி மூடியிருந்தார்கள். உள்ளே தாத்தாவைக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. அம்மா கட்டிலுக்கு அருகே போய் நின்றாள். தாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எளைச்சிட்டியேம்மா" என்றார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் போனோம். அம்மா அரிசி நொய்யில் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய் ஸ்பூனால் கொடுப்பாள். நான் பனையோலை விசிறியால் விசிறுவேன். இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ போனபோது, பாதிக் கஞ்சியில் தாத்தா போதும் என்று கையைக் காட்டினார்.

"உன்ன ஒண்ணு கேக்கணும். உங்க ஆளு ஒருத்தரு தெருவுல மெகாபோன் வச்சிக்கினு பேசிக்கினு போனாரு. இயேசு சாமியக் கும்பிடாதவங்களுக்கு மேல எடமே கெடையாதுன்னாரு. நீ கும்பிடற. நான் கும்பிடல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்ப செத்தப்புறமும் உன்னப் பாக்க முடியாதா? வீம்புல இத்தினி வருசம் பாக்காம இருந்துட்டேன். அது போறாதா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாத்தா தலையை ஆட்டினார்.

"நீ ஆறுதலுக்குச் சொல்லுவ. எனக்கு வேணாம். உங்கள்ல படிச்சவங்க இருப்பாங்க இல்ல, அவங்களக் கேட்டுக்கினு வா. பொய் சொல்லாத."

அன்று சாயங்காலம் வகுப்பில் அம்மா எழுந்து நின்றாள். டீச்சரான அம்மா, ஒரு மாணவி போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. தாத்தா கேட்டதை அப்படியே சொன்னாள். "நான் போற எடத்துல எங்கப்பா இருப்பாரா, தம்பி?" என்று முடித்தாள்.

சித்தப்பா கையில் இருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இதுக்குக் கல்லூரியில ரெண்டு மூணு விதமாப் பதில் சொல்லித் தர்றாங்க அண்ணி. எல்லாத்தையும் பரீட்சையில எழுதியிருக்கேன். உங்கப்பா கட்டில்கிட்ட நின்னுக்கினு அதுல எதைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"எதையாவது சொல்லேன்."

"கடவுள் அன்பானவர்னு நம்புறோம். நீதியானவர்னும் நம்புறோம். அதோ எழுதியிருக்கோம், அதை நான் அழிக்க மாட்டேன். ஆனா உங்கப்பாவை அவர் என்ன பண்ணுவாருன்னு நீங்க கேட்டா, எனக்குத் தெரியாது அண்ணி. தெரியும்னு சொன்னா அது பொய்."

பிறகு திரும்பி, மூன்றாவது கட்டத்தில் எழுதினார்: மகள் போகும் இடத்தில் தகப்பன் இருப்பாரா?

வாலிபர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று வகுப்பு சீக்கிரமே கலைந்தது. அம்மா மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது வருத்தமா நிம்மதியா என்று அவள் முகத்தை வைத்து எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஏதோ வேலையாகக் கூடத்தைத் திறந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார். துடைக்கும் துணியைத் தேடக்கூட இல்லை. உள்ளங்கையாலேயே பரபரவென்று தேய்த்து அழித்தார். சாக்பீஸ் தூளோடு அந்தக் கையை நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

"ஏண்டா, ஒரு மனுஷன் சாகக் கெடக்கறாரு. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கறவருக்குப் போய் சுவிசேஷம் சொல்லவேண்டிய நீ, தெரியாதுங்கிறியா? இதுக்கா உன்ன அனுப்பினேன்?"

"சுவிசேஷம்னா நல்ல செய்திதானேண்ணா. அவருக்கு அதைப் பயமுறுத்தலா எப்படி எடுத்துக்கினு போறது?"

"பேசாத! போதகரைக் கூட்டிக்கினு நானே போறேன். ஞானஸ்நானம் குடுக்கச் சொல்றேன்."

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "வேணாங்க. மூச்சு விட முடியாம இருக்கறவரு. உங்களப் பாத்து பயந்து ஆமான்னு தலையாட்டினா, அதை ஆண்டவர் வாங்கிக்குவாரா?"

அப்பா அவளைப் பார்த்த பார்வையை அன்று நான் கோபம் என்று நினைத்தேன். அவரை ஈவு இரக்கமில்லாதவர் என்றே ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அவர் வயதைத் தாண்டி உட்கார்ந்து யோசித்தால் அது பயம் என்று தெரிகிறது. மெகாபோன்காரர் சொன்னதை அப்பா முழுசாக நம்பினார். தன் மாமனார் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்பதாகவும், கூடவே தான் வளர்த்த தம்பியும் அதே விளிம்பில் போய் நின்றுவிட்டதாகவும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. பயந்தவர்கள் சத்தம்தான் போடுவார்கள்.

அப்பா போதகரிடம் போய்ச் சொன்னார். அவர் கமிட்டியைக் கூட்டினார். சிபாரிசைக் கமிட்டி ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சித்தப்பா கல்லூரிக்குத் திரும்ப முடியாது.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, சின்ன காஞ்சிபுரத்தில் வரதருக்குக் கருட சேவை. விடியற்காலையிலிருந்தே சுற்று ஊர்களிலிருந்து சனம் வந்து குவிந்துகொண்டிருந்தது. ஆராதனைக்குப் பாதிப் பேர்தான் வர முடிந்தது. ஆராதனை முடிந்து எங்கள் சபைக் கோயிலுக்குப் பக்கத்து அறையில் கமிட்டி உட்கார்ந்தது. அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய் நிலைப்படியில் உட்கார்ந்தேன். துரத்துவார்கள் என்று பார்த்தேன், யாரும் துரத்தவில்லை. அப்பா கமிட்டிச் செயலாளர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தார். சித்தப்பா சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில்.

போதகர் மென்மையாகத்தான் கேட்டார். "அம்மா, நீங்க சங்கடப்பட வேணாம். உங்க தகப்பனாரைப் பத்தி நீங்க கேட்டதுக்குத் தம்பி என்ன சொன்னாரு? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மா எழுந்து நின்றாள். நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கப்பா இயேசுவை ஏத்துக்கல. அதனால மோட்சத்துக்குப் போக மாட்டாரு, நரகத்துக்குத்தான் போவாருன்னு தம்பி சொன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. தெரியாதுன்னு எழுதச் சொன்னது நான்தான்."

அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுடைய வலது கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது போல ஆயிற்று. போதகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்பா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். "அப்ப இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்று பொருளாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

சித்தப்பா ஸ்டூலைவிட்டு எழுந்தார்.

"ஐயா, அண்ணி எனக்காகச் சொல்றாங்க. நான் அப்படிச் சொல்லல. தெரியாதுன்னுதான் சொன்னேன். எழுதினதும் நானாத்தான் எழுதினேன்."

"உக்காருடா" என்றார் அப்பா.

பொருளாளர் விடவில்லை. "அப்ப இத்தினி நாள் படிச்சி இதைத்தான் கத்துக்கினு வந்தியா, தம்பி? எங்களுக்கும்தான் தெரியாது. அதுக்கு நாங்க காலேஜுக்குப் போகலையே."

"ஒரு வருஷம்தானேங்க ஆச்சு" என்றார் சித்தப்பா. கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே அது கிண்டலாகத்தான் விழுந்தது.

போதகர் இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தார். "சபை என்ன விசுவாசிக்குதோ அதைத்தான் நானும் விசுவாசிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தம்பி. அது போதும்."

"விசுவாசிக்கிறேன் ஐயா. அந்தக் கட்டத்தை நான் அழிக்கவே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் அதுல இல்லைன்னுதான் சொல்றேன்."

சிபாரிசைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவாயிற்று. அதை எழுத வேண்டியவர் செயலாளர். அப்பா எழுதினார்.

அம்மா, சித்தப்பா, நான் மூவரும் வெளியே வந்தோம். கேட்டுக்கு வெளியே மோர்ப் பந்தலில் யாரோ எல்லோரையும் கூப்பிட்டு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா "அண்ணி" என்றார். அம்மா சட்டென்று திரும்பினாள்.

"யாரு தம்பி உன்னக் கேட்டது? எங்கப்பா இன்னும் உசுரோட இருக்காரு. அவரு நரகத்துக்குப் போவாருன்னு என் வாயால சொன்னேன். உனக்காகச் சொன்னேன். அதை நீ வச்சிக்கலையே. எல்லார் முன்னாலயும் தூக்கிப் போட்டுட்டியே."

"அதை வச்சிக்கினு நான் என்ன அண்ணி படிப்பேன்?"

"படிச்சிருக்கலாம். நான் சொன்னதுக்கு ஒரு பலனாவது இருந்திருக்கும்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. கூட்டத்துக்கு எதிராக நடந்து பிள்ளையார்பாளையம் போனாள். அவள் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் குத்தியது. நான் சொல்லவில்லை.

வீட்டில் எல்லோரும் சுவாமி பார்க்கப் போயிருந்தார்கள். மாமா மட்டும் தாத்தாவின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார். தாத்தா கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன்பா. தெரியாதுன்னுட்டாரு."

"யாரு?"

"படிச்சவரு. எங்க வீட்டுக்காரர் தம்பி. பெரியவங்க எல்லாம் மாத்திச் சொல்லச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டாரு. அவரு படிப்பே போச்சுபா."

தாத்தா அம்மாவின் பக்கம் தலையைத் திருப்பினார். "தெரியாதுன்னு சொன்னதுக்கா போச்சு?"

"ஆமாம்பா."

"அப்ப நெஜமாத்தான் சொல்லியிருக்காரு." மறுபடி மூச்சு வாங்கினார். "தெரியாதுன்னா, இல்லைன்னு ஆயிடாது இல்ல?"

"ஆகாதுபா."

"அது போதும்" என்றார் தாத்தா. கையை நீட்டி அம்மாவின் தலையில் வைத்தார். கை அங்கே நிற்க முடியாமல் நழுவி அவள் தோளில் விழுந்தது. அம்மா அதை அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே தாத்தா இறந்துபோனார். சாவுக்கு அப்பா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு, பாடை தாண்டிப் போகும்வரை நின்றார். போதகர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெபம் பண்ணுவார் என்று நான் முழங்கால் போட்டேன். அவர் ஜெபிக்கவில்லை. எதையோ சொல்ல வந்தவர் போல அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெயில் ஜாஸ்தியா இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வகுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாலிபர்களில் ஒருவர் பிற்பாடு பெரிய போதகர் ஆனார், மற்ற இருவரும் வேறு வேலைக்குப் போனார்கள். நர்ஸ் அக்கா ஒரே ஒரு நாள் சாயங்காலம் வந்து, பூட்டியிருந்த கூடத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

சித்தப்பா மறுபடி வேதசாஸ்திரம் படிக்கவில்லை. மதராசில் ஒரு அச்சகத்தில் புரூப் திருத்தும் வேலை கிடைத்தது. கண் மங்கும்வரை அந்த வேலைதான் பார்த்தார். சபையில் அவரைப் பற்றி, படிக்கப் போய் விசுவாசத்தை விட்டவர் என்று பேசிக்கொண்டார்கள். அதை நம்பியவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். அவர் சாகும்வரை ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. அம்மா அவரோடு பழையபடி பேச ரொம்ப வருஷம் ஆயிற்று. அவர் வரும்போதெல்லாம் பிடித்ததாகப் பார்த்துச் சமைப்பாள், பரிமாறுவாள், நல்லா இருக்கியா என்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அவர் மேல் இருந்த கோபமும் நிஜம், அவருடைய பதிலைத்தான் அவள் தன் அப்பாவிடம் கொண்டுபோனாள் என்பதும் நிஜம். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை.

அவர் மதராசுக்குக் கிளம்பிய நாளோடு முடித்துக்கொள்கிறேன். ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். டிரங்குப் பெட்டியை அப்பாவே சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். நானும் போனேன். வழியெல்லாம் அண்ணன் தம்பி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வாழைப்பழம் வாங்கி வருவதாகச் சொல்லி அப்பா போனார்.

சித்தப்பா பெட்டிமேல் உட்கார்ந்தார். அவர் முகம் அந்த ஒரு மாதத்தில் ஒடுங்கிப்போயிருந்தது.

"சித்தப்பா, தாத்தா கேட்டதுக்கு அம்மா போய்ப் பதில் சொல்லிட்டாங்க" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"நீங்க சொன்னதைத்தான். உங்க படிப்பு போனதையும் சொன்னாங்க. அதுக்குத் தாத்தா, அப்ப நெஜமாத்தான் சொல்லியிருக்காருன்னாரு. தெரியாதுன்னா இல்லைன்னு ஆயிடாதே, அது போதும்னாரு."

சித்தப்பா என்னையே பார்த்தார். "இன்னொரு வாட்டி சொல்லு, பாப்பா."

சொன்னேன். தாத்தா மூச்சு வாங்கியது, அம்மா தலையில் கை வைத்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால், அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது.

அப்பா பழத்தை என் கையில் கொடுத்தார். "நகருடா" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா நகர்ந்து இடம் விட்டார். அப்பாவும் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தார். இரண்டு பேர் உட்கார அது ரொம்பச் சின்னப் பெட்டி, தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தது. மதராஸ் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவிக் கூவி ஆள் ஏற்றினான். பஸ் நிறைந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன், சித்தப்பாவைப் பார்த்தேன். இருவரும் முன்னால் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுந்திருக்கவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"அடுத்தது எப்பண்ணா?" என்று கேட்டார் சித்தப்பா.

"வரும். உக்காரு" என்றார் அப்பா.